சுவராக நிற்பவர்களை முதலில் எழுது

அன்புள்ள தங்கைக்கு,

உன் திரைக்கதை வந்து சேர்ந்தது, படித்தேன். பெண்ணை எழுத உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஓடுகிற பேருந்தை அவள் எட்டிப் பிடிப்பதும், அக்காவின் நிச்சயதார்த்தத்தில் முழங்கால் சிராய்ப்பு தெரியாமலிருக்கப் பட்டுப்பாவாடையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வதும் எழுதிக் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல, கூர்ந்து பார்த்தவளுக்கு வருபவை. என் சண்டை அவளோடு இல்லை, அவளைத் தடுக்கிறவர்களோடுதான். அவளுடைய அப்பா ஹாக்கி மட்டையைத் தூக்கி அடுப்பில் வைக்கிறார். ஏன் என்று கேட்டால், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி விளையாட்டு?" என்கிறார். இந்த வசனத்தை எந்த அப்பாவின் வாயிலும் வைக்கலாம். இவருக்கென்று இதில் என்ன இருக்கிறது? கதை நடப்பது கோவில்பட்டியில் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். தெருவுக்கு ஒருவராவது ஹாக்கி ஆடியிருக்கிற ஊர் அது. அந்த ஊரில், மட்டையை விறகாக மட்டும் பார்க்கிற ஒரு மனிதரை எங்கே போய்ப் பிடித்தாய்?

இதற்குப் பொதுவாக உபதேசம் செய்வதைவிட ஒரு படத்தை எடுத்து வைத்துப் பேசலாம் என்று தோன்றுகிறது. 2002இல் வந்த 'பெண்ட் இட் லைக் பெக்காம்'. குரிந்தர் சட்டா இயக்கியது. அவரோடு பால் மயேடா பெர்கஸும் குல்ஜித் பிந்த்ராவும் சேர்ந்து எழுதினார்கள். மேற்கு லண்டனில், ஹீத்ரோ விமானங்கள் கூரையை உரசுவதுபோல் இறங்குகிற ஹவுன்ஸ்லோ பகுதியில், ஒரு பஞ்சாபி சீக்கியக் குடும்பம். அக்கா பிங்கிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தங்கை ஜெஸ்ஸுக்குக் கால்பந்துப் பைத்தியம். நீ ஏற்கெனவே பார்த்திருப்பாய், ஜெஸ்ஸுக்காகப் பார்த்திருப்பாய். இன்னொரு தடவை பார். இந்தத் தடவை ஜெஸ்ஸை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் கவனி.

முதலில் அப்பா. அனுபம் கேர் நடித்திருக்கிறார். பாதிப் படம் வரைக்கும் அவர் வழக்கமான அப்பாதான், மென்மையாக மறுப்பவர். மகளுக்காகப் பரிந்து பேசப் பயிற்சியாளர் ஜோ வீட்டுக்கு வருகிற இடத்தில்தான் கதவு திறக்கிறது. நைரோபியில் தான் பெரிய வேகப்பந்து வீச்சாளனாக இருந்ததாகவும், தங்கள் அணி கிழக்கு ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றதாகவும் அவர் சொல்கிறார். இங்கிலாந்து வந்த பிறகு, அங்கிருந்த கிரிக்கெட் கிளப்காரர்கள் தலைப்பாகையைக் கேலி செய்து துரத்திவிட்டார்கள். அன்றோடு பந்தைத் தொடுவதை விட்டுவிட்டார். மகளுக்கும் அதே அவமானம் நேர வேண்டாம் என்பதுதான் அவர் மறுப்புக்குள் இருக்கிற விஷயம்.

இந்த ஒரு சீன் எவ்வளவு வேலை செய்கிறது பார். அவர் விளையாட்டு தெரியாததால் தடுக்கவில்லை, அதை நேசித்து அடிபட்டதால் தடுக்கிறார். மகளுக்கும் அவருக்கும் ஆசை ஒன்றுதான். ஒருத்திக்கு அது தொடங்குகிறது, இன்னொருவருக்கு முடிந்துபோனது. அதனால்தான் பின்னால் அவர் மனம் மாறும்போது நமக்குச் சந்தேகம் வருவதில்லை. அவர் புதிதாக எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை, தனக்குத் தெரிந்ததற்கே திரும்பிப் போகிறார். கடைசியில் அவர் ஜோவோடு சேர்ந்து கிரிக்கெட் ஆடுவதைக் காட்டிப் படத்தை முடிப்பதும் இந்தக் கணக்குத்தான்.

அந்த நைரோபிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு கிடக்கிறது. 1896இலிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கிலேயர் ரயில்பாதை போட்டபோது இந்தியாவிலிருந்து கூட்டிப்போன முப்பதாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களில் பஞ்சாபிகள் ஏராளம். பின்னால் கைத்தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் போய்க் குடியேறியவர்களும் உண்டு. 1963இல் கென்யா விடுதலை பெற்ற பிறகு, அங்கே இடம் சுருங்க, 1960களின் கடைசியில் பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தார்கள். சட்டாவே நைரோபியில் பிறந்து சவுத்ஹாலில் வளர்ந்தவர். இதில் ஒரு வரியைக்கூடப் படம் வகுப்பெடுக்கவில்லை. ஓர் ஊரின் பெயர், ஒரு கோப்பை, ஒரு தலைப்பாகை, அவ்வளவுதான். நீயும் ஆராய்ச்சி செய். குறிப்பேடு நிறைய எழுதி வை. சீனுக்கு மூன்று பொருள் மட்டும் எடுத்து வா.

அந்தப் பேச்சிலேயே ஒரு நகைச்சுவையும் உண்டு. காலம் மாறிவிட்டது, இங்கிலாந்து அணிக்கே நாசர் உசேன்தானே கேப்டன் என்று ஜெஸ் வாதாடுகிறாள். (நம்ம சென்னையில் பிறந்தவர்தான். 1999இலிருந்து 2003 வரை கேப்டனாக இருந்தார்.) உசேன் என்பது முஸ்லிம் பெயர், அவர்கள் குடும்பங்களெல்லாம் வேறு மாதிரி என்று பெரியவர்களிடமிருந்து பதில் வருகிறது. கிளப்பிலிருந்து துரத்தப்பட்ட வீட்டுக்குள்ளேயே இன்னொருவரைத் தள்ளி வைக்கிற பழக்கமும் இருக்கிறது. அதை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் எழுத முடியும். உன் வீட்டைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதத் துணிவு இருக்கிறதா என்று யோசி. இல்லையென்றால் உன் நகைச்சுவை எல்லாம் அடுத்த வீட்டைப் பார்த்துச் சிரிப்பதாகவே இருக்கும்.

அடுத்து அம்மா. படத்தின் முதல் காட்சியே அவருடையது என்பேன், ஜெஸ்ஸுடையது அல்ல. மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் ஜெஸ் கோல் அடிப்பதாக ஒரு கனவு. ஸ்டுடியோவில் கேரி லினேக்கர், ஆலன் ஹான்சன், ஜான் பார்ன்ஸ் என நிஜமான வீரர்களே உட்கார்ந்து அவளைப் புகழ்கிறார்கள். பக்கத்திலேயே அம்மாவும் விருந்தினராக உட்கார்ந்திருக்கிறார். மகளைப் பற்றிப் பெருமைதானே என்று கேட்டதுதான் தாமதம், ஊரறியக் கால் தெரிய ஓடுகிற பெண்ணைப் பற்றித் தொலைக்காட்சியிலேயே திட்டித் தீர்க்கிறார், அந்த மூன்று ஜாம்பவான்களுக்கும் சேர்த்து விழுகிறது. மகளின் சொந்தக் கனவுக்குள்ளேயே அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்! 'குடும்ப மரபும் லட்சியமும்' என்று நீ ஒன்லைனில் எழுதியிருப்பதை முதல் சில நிமிடங்களில், வசனமாகச் சொல்லாமல், ஒரே சட்டகத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். உன் திரைக்கதையில் கனவு ஒரு சீன், எதிர்ப்பு இன்னொரு சீன் என்று மாறி மாறி வருகிறது. இரண்டையும் ஒரே அறையில் போடு.

இனி நீ தவறவிட்டிருக்கிற ஒன்று. உன் கதையில் மரபு கதாநாயகி வீட்டில் மட்டுமே இருக்கிறது. அவளுடைய தோழி வீடு 'முற்போக்கு' வீடு, அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டே டீ கொடுக்கிறார்கள். இது சோம்பேறித்தனம். அந்தப் படத்தில் தோழி ஜூல்ஸ் வெள்ளைக்காரப் பெண், கீரா நைட்லி. அவளுடைய அம்மா பவுலாவாக ஜூலியட் ஸ்டீவன்சன். இந்த அம்மாவின் கவலை அந்த அம்மாவின் கவலைக்கு இம்மியும் குறைந்ததில்லை. மகள் பெண்போல உடுத்த வேண்டும், உள்ளாடைக் கடையில் அழகானதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், பையன்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். ஹவுன்ஸ்லோவில் இரண்டு வீடு, இரண்டு மதம், ஆனால் அம்மாக்களின் பயம் ஒரே அச்சு.

அதுவும் காரணமில்லாமல் இல்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கிளப்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. கதவு திறக்க ஐம்பது ஆண்டு ஆனது. பவுலா வயதுப் பெண்கள் பள்ளியில் படித்த காலத்தில் அந்தத் தடை நடப்பில் இருந்தது. ஆக, பெண்ணைப் பந்திடமிருந்து விலக்கி வைக்கிற மரபு கப்பலேறி அங்கே வந்ததல்ல, அந்த மண்ணிலேயே தீர்மானம் போட்டு நிறைவேற்றியது. படம் இந்த வரலாற்றை வாயால் சொல்லவே இல்லை. பவுலாவின் முகத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

பவுலா சிரிப்புக்குரியவர், ஆனால் அவர் சிரிக்க வைப்பதற்காக எதையும் செய்வதில்லை. இதை மனதில் வாங்கிக்கொள். காமெடியில் நடிப்பவருக்குத் தான் காமெடி செய்கிறோம் என்று தெரியக்கூடாது. மகளிடம் நெருங்க வேண்டும் என்று ஒரு நாள் அவர் ஆஃப்சைடு விதியைக் கணவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். மேஜை மேலிருக்கிற கடுகு விழுதையும் சாஸ் பாட்டிலையும் உப்பையும் நகர்த்தி நகர்த்திக் கணவர் விளக்குகிறார். பவுலா பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு, எந்தச் சாஸ் எதற்கும் எதற்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று திருப்பிச் சொல்கிறார். தியேட்டரே சிரிக்கும். அந்த அம்மா மகளுக்காக எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள் என்பதும் அதே சிரிப்பில் இருக்கும். உன் திரைக்கதையில் இருக்கிற பாட்டி வெற்றிலை துப்புவதும் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுவதும்தான் காமெடி என்று இருக்கிறது. பாட்டிக்கு என்ன வேண்டும்? அது உனக்குத் தெரிந்துவிட்டால் வெற்றிலை தேவைப்படாது.

அப்புறம் செருப்பு. கல்யாணத்துக்குப் போடச் செருப்பு வாங்கச் சொல்லி அம்மா கொடுத்த காசில் ஜெஸ் கால்பந்து பூட்ஸ் வாங்கிவிடுகிறாள். இப்போது கல்யாணத்துக்குச் செருப்பு வேண்டுமே? இரவல். இதற்கிடையில், ஜோவை முன்னிட்டு இரண்டு பெண்களுக்கும் நடக்கிற சண்டையைப் பவுலா அரைகுறையாகக் கேட்டுவிட்டு, இவர்கள் இருவரும் காதலர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார். பிங்கியின் கல்யாணப் பந்தலில் ஜெஸ்ஸைப் பார்த்ததும் கொதித்துப்போய், அவள் காலில் இருப்பது தன் செருப்பு என்பதையும் பார்த்து, சபை நடுவே லெஸ்பியன் என்று கத்திச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார். அதைக் காதில் வாங்கிய பஞ்சாபிக் கிழவிகளில் ஒருத்தி அது ராசியின் பெயர் என்று நினைக்கிறாள், இன்னொருத்தி லெபனான்காரி என்று நினைக்கிறாள். ஒரு செருப்புக் காசு எங்கே தொடங்கி எங்கே வந்து வெடிக்கிறது! நடுவே எவ்வளவு பக்கங்கள்! உன் படத்தில் நகைச்சுவை ஒரு சீனில் பிறந்து அதே சீனில் செத்துப்போகிறது. விதையைப் பதினைந்தாம் பக்கத்தில் போட்டுவிட்டு மறந்துவிட்டதுபோல் நடி. பார்க்கிறவரும் மறந்த பிறகு எடு.

அக்கா பிங்கியைப் பற்றி ஒன்றே ஒன்று. அவள் பலியாடு இல்லை. கல்யாணம், நகை, புருஷன் எல்லாம் அவளே ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டது. மரபுக்குள் இருக்கிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டவர்கள் என்று எழுதாதே. உன் கதையில் அக்கா கண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறாள், பார்க்கவே அலுப்பாக இருக்கிறது.

கிளைமாக்ஸுக்கு வருகிறேன். கல்யாணமும் இறுதி ஆட்டமும் ஒரே நாள். இது கேள்விப்பட்ட தந்திரம்தான், நீயும் அதையே செய்திருக்கிறாய், தப்பில்லை. வித்தியாசம் எங்கே என்றால், ஜெஸ் சுவரேறிக் குதித்து ஓடவில்லை. பந்தலில் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிற மகளை அப்பா பார்க்கிறார். கல்யாண வீடியோவில் உன் முகம் சிரித்தபடி இருக்க வேண்டும், அதற்கு இதுதான் வழி என்றால் போய்விட்டு வா என்கிறார். அவர் கொள்கை மாறவில்லை, பெண் விடுதலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோவைப் பற்றித்தான் பேசுகிறார். ஒரு தகப்பன் தோற்றுப்போகும்போதும் தன் பாஷையில்தான் தோற்பார். ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் அணிப் பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்குச் சேலை கட்டி விட்டு அனுப்புகிறார்கள். அவள் திரும்பிப் போகத்தான் வேண்டும், அங்கேயும் அவளுக்கு வேலை இருக்கிறது.

ஆட்டத்தின் உச்சம் அந்த ஃப்ரீ கிக். எதிரணி சுவராக நிற்கிறது. விதிப்படி பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி. ஜெஸ் நிமிர்ந்து பார்க்கிறாள், சுவரில் நிற்பது எதிரணிப் பெண்கள் இல்லை. அம்மாவும் அக்காவும் சித்திகளும் கல்யாண உடுப்பில் நிற்கிறார்கள். அவர்களை அடித்து வீழ்த்த முடியாது, அவள் வீழ்த்த விரும்பவும் இல்லை. பந்தின் நடுவில் உதைக்காமல் ஓரத்தில், பாதத்தின் உள்பக்கத்தால் உதைத்தால் அது சுழன்றுகொண்டே போகும். சுழற்சி காற்றோடு சேர்ந்து போகிற பக்கம் அழுத்தம் குறைந்து, எதிர்த்துப் போகிற பக்கம் கூடி, பந்து பக்கவாட்டில் வளையும். மேக்னஸ் விளைவு என்று இயற்பியல் புத்தகத்தில் இருப்பதுதான். படம் முழுக்க நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஆட்டத் திறன் இது. அந்த ஒன்றை வைத்தே கதையை முடிக்கிறார்கள்.

பின்னணியில் புச்சினியின் 'நெஸ்ஸுன் டோர்மா'. 1990 உலகக் கோப்பை ஒளிபரப்புக்கு பிபிசி பவரோட்டி குரலில் வைத்த பாட்டு. இங்கிலாந்துக்காரர் காதில் அது ஓபராவாக விழாது, கால்பந்தாகத்தான் விழும். அதைக் கொண்டுபோய்ப் பஞ்சாபிக் கல்யாணத்தோடு மாறி மாறி வெட்டுகிறார்கள். உன் பார்வையாளரின் காதில் ஏற்கெனவே இருக்கிற சத்தம் எது என்று தேடு. மைதானத்து ஒலிபெருக்கியா, கொடை நாள் கொட்டா, நீதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தப் படத்தை அப்படியே நகலெடுக்காதே. மைதானத்துக் காட்சிகள் முக்கால்வாசி பாட்டும் வெட்டும்தான். எந்த ஆட்டமும் ஆட்டமாக நினைவில் நிற்பதில்லை. ஜோவுக்காக இரண்டு தோழிகள் முட்டிக்கொள்வது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை, இன்றைக்கு இன்னும் உறுத்துகிறது. பயிற்சியாளர் தன் கீழ் ஆடுகிற பெண்ணை முத்தமிடுகிறார், படம் அதை இனிப்பாக எடுத்துக்கொள்கிறது. உன் கதையில் பயிற்சியாளர் காதல் கிடையாது. நல்லவேளை. தயாரிப்பாளர் கேட்டாலும் சேர்க்காதே. கடைசியில் சாண்டா கிளாரா பல்கலைக்கழக உதவித்தொகையோடு இருவரையும் அமெரிக்காவுக்கு விமானமேற்றிவிடுவதும் எனக்குச் சுலபமான வழியாகப் படுகிறது. அங்கே பெண்களுக்கென்று தொடங்கிய தொழில்முறை லீக் 2001இல் ஆட ஆரம்பித்து 2003இலேயே மூடப்பட்டது. சொர்க்கம் வெளியூரில் இருப்பதாக எழுதினால் இப்படித்தான் ஆகும். தலைப்பில் இருக்கிற பெக்காம் விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு அதிர்ஷ்டம். 2001 அக்டோபர் 6 அன்று கிரீஸுக்கு எதிராக, கடைசி நேரத்தில் அவர் வளைத்து அடித்த ஃப்ரீ கிக்தான் இங்கிலாந்தை உலகக் கோப்பைக்கு அனுப்பியது. படம் வெளியான அதே வாரம் அவர் கால் எலும்பு முறிந்து, தேசமே அந்தக் காலைப் பற்றிப் பேசியது. நீ தலைப்பில் ஒரு கிரிக்கெட் வீரர் பெயரை வைத்திருக்கிறாய். ஹாக்கிப் படத்துக்கு! எடுத்துவிடு.

காதல் முக்கோணம் வேண்டாம் என்கிற நான் பாராட்டுகிற ஒரு பொய்யும் பெக்காம் படத்தில் உண்டு. ஜெஸ்ஸின் நண்பன் டோனி தன்பால் ஈர்ப்பு உள்ளவன். அவளைக் காப்பாற்ற, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறோம், முதலில் அவள் படிக்கப் போகட்டும் என்று பெரியவர்கள் முன் சொல்லிவிடுகிறான். வீடே சந்தோஷப்படுகிறது. வசதியான பொய், கதையும் முடிந்திருக்கும். ஜெஸ் அதை ஏற்கவில்லை. எல்லார் முன்பும் உண்மையைச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் அப்பா பேச முடிகிறது. உன் கதாநாயகி கடைசி வரை பொய்யிலேயே ஜெயிக்கிறாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அப்பாவுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

தயாரிப்பாளர்களிடம் போகும்போது 'பெண்கள் விளையாட்டுப் படம் ஓடாது' என்பார்கள். சுமார் 35 லட்சம் பவுண்டில் எடுத்த 'பெண்ட் இட் லைக் பெக்காம்' உலகமெங்கும் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்று சொல். 2010 டிசம்பரில் வட கொரிய அரசுத் தொலைக்காட்சிகூட, வெட்டியாவது, ஒளிபரப்பியது என்று சொல். நம்மூரில் பெண்கள் கிரிக்கெட்டைப் பற்றிய 'கனா'வும் இருக்கிறது, அதில் அப்பாவே கிரிக்கெட் ரசிகர். ஆகவே ரசிகர் அப்பா என்கிற அந்த வழி போய்விட்டது, நீ வேறு வழி பார்.

நடிகையைத் தேர்ந்தெடுக்கும் முன்பு உடம்பு விவரங்களை எழுத்தில் பூட்டாதே. ஜெஸ்ஸாக நடித்த பர்மிந்தர் நாக்ராவின் காலில் நிஜமாகவே சிறுவயதில் பட்ட தீக்காயத் தழும்பு உண்டு. அதை ஒப்பனையால் மறைக்காமல் ஜெஸ்ஸின் கதையில் சேர்த்தார்கள். அரைக்கால் சட்டை போடக் கூசுகிற ஒரு பெண் என்று பாத்திரத்துக்கே ஒரு புதிய அடுக்கு கிடைத்தது. ஹாக்கியில் இன்னொரு சிக்கல், மட்டையைப் பிடிக்கிற பிடியிலேயே பொய் தெரிந்துவிடும். ஹாக்கிப் படமான 'சக் தே இந்தியா'வில் நிஜ ஆட்டக்காரர்கள் சிலரையும் கலந்து போட்டார்கள். நீயும் நடிகைகளைத் தேடும் முன் கோவில்பட்டி மைதானத்தில் போய் உட்கார்ந்து ஆடுகிறவர்களைப் பார். அந்த அப்பாவும் ஒருவேளை அங்கேயே, வேலிக்கு வெளியே, பைக்கில் சாய்ந்து நின்று, யார் தப்பாகப் பாஸ் கொடுக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடு.

அடுத்த வடிவத்தை அவசரப்படாமல் அனுப்பு. பக்க எண் போட்டு அனுப்பு, போன தடவை தாள்கள் கலைந்து இன்டர்வெல்லுக்குப் பிறகு நிச்சயதார்த்தம் வந்துவிட்டது.

அன்புடன்,
அக்கா